அணி கீழே இறங்கினால் ஆறுதல் உண்டா? சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் கால்பந்து அணி இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகில் 18ஆம் இடத்தில் நிற்கிறது. அங்கே 20 அணிகளில் கடைசி மூன்றும் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிடும். இன்னும் 6 ஆட்டங்கள்தான் பாக்கி. "இறங்கினால்கூட நல்லதுதான். சாம்பியன்ஷிப்பில் வாராவாரம் ஜெயிக்கலாம், விஏஆர் (வீடியோ பார்த்து நடுவர் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை) தொல்லை கிடையாது, டிக்கெட் செலவு குறையும், அடுத்த வருஷமே திரும்பி வந்துவிடலாம்" என்று என் பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்'? சீசன் டிக்கெட்டைப் பழைய விலையில் புதுப்பிக்க இந்த மாதக் கடைசிவரைதான் அவகாசம். புதுப்பிக்கலாமா? (இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்)

பதில்: அவர்கள் சொல்லும் நான்கில் இரண்டு உண்மை, ஒன்று பாதி உண்மை, ஒன்று கணக்குக்கு நிற்காது. நிற்காததை முதலில் பார்த்துவிடுவோம். மற்ற மூன்றையும் அதை நம்பித்தான் பேசுகிறார்கள்.

அதற்கும் முன் ஒரு விஷயம்: நீங்கள் இன்னும் இறங்கவில்லை. '40 புள்ளி எடுத்தால்தான் தப்பலாம்' என்பது பழங்கதை. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2023-24இல் 18ஆம் இடத்தில் முடித்த லூட்டன் எடுத்தது 26, அடுத்த சீசனில் லெஸ்டர் எடுத்தது 25. அந்த லெஸ்டரைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்திருந்தாலே 18ஆம் இடம் தாண்டியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் 17ஆம் இடத்தில் இருந்த டாட்டன்ஹாம் எடுத்தது 38. ஆகவே 40ஐ மறந்துவிட்டு, உங்களுக்கு நேர் மேலே இருக்கும் அணியின் மிச்ச ஆட்டங்களையும் கோல் வித்தியாசத்தையும் மட்டும் பாருங்கள். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல்கள்.

இப்போது 'அடுத்த வருஷமே திரும்பிவிடலாம்' என்பதற்கு வருவோம். 2016 முதல் 2024 வரை ஒன்பது சீசன்களின் முடிவில், சீசனுக்கு மூன்று வீதம் 27 முறை அணிகள் இறங்கியிருக்கின்றன. அடுத்த சீசனே மேலே ஏறியது 9 முறை. மூன்றில் ஒன்று, அவ்வளவுதான். 2017இல் இறங்கிய ஹல், மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து, 2018இல் இறங்கிய ஸ்வான்சி, ஸ்டோக், வெஸ்ட் பிரோம் ஆகிய ஆறில் ஒன்றுகூட உடனே திரும்பவில்லை. சண்டர்லாந்து அடுத்த வருஷம் இன்னொரு படியும் இறங்கி, மூன்றாம் அடுக்கான லீக் ஒன்றில் நான்கு சீசன் கிடந்து, 2025இல்தான் பிரீமியர் லீகுக்கு வந்தது.

திரும்பியவர்கள் கதியையும் பாருங்கள். அந்த 9இல் 2024 வரை ஏறியவை 8. அவற்றில் 6 அணிகள் ஏறிய சீசனிலேயே மறுபடி விழுந்தன. நிலைத்தவை 2017இல் ஏறிய நியூகாசிலும் 2022இல் ஏறிய ஃபுல்லமும்தான். காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. சாம்பியன்ஷிப்பில் பணக்கார அணி 90 நிமிடமும் பந்தைத் தன் காலில் வைத்துக்கொண்டு, எதிரணியை அதன் பாதிக்குள் அடைத்து ஜெயிக்கப் பழகிவிடுகிறது. மேலே வந்தால் அந்தப் பந்தே கிடைக்காது. பர்ன்லி 2022-23இல் 101 புள்ளி எடுத்து ஏறியது. அடுத்த சீசனில் எடுத்தது 24. தடுப்பாட்டக்காரர்கள் நிதானமாகப் பாஸ் போட்டு வெளியே வரும் அதே பாணி, பிரீமியர் லீகில் அவர்கள் பெனால்டி பகுதியிலேயே பந்தைப் பறிகொடுக்க வைத்தது. அடுத்த முறை அவர்கள் ஏறியது வேறு மாதிரி: 2024-25இல் 46 ஆட்டத்தில் வாங்கிய கோல் 16 மட்டுமே.

'வாராவாரம் ஜெயிக்கலாம்' என்பது, ஓரளவு நல்ல அணி கையில் இருந்தால், உண்மைதான். நாரிச் இதற்குச் சரியான உதாரணம். 2019-20இல் 38 ஆட்டத்தில் 5 வெற்றி. இறங்கிய 2020-21இல் 46 ஆட்டத்தில் 29 வெற்றி, 97 புள்ளி, முதலிடம். ஏறிய 2021-22இல் மறுபடி 5 வெற்றி. மைதானத்துக்கு நேரில் போகிறவருக்கு அந்த நடு வருஷம் சும்மா இல்லை. புலிக்கு வாலாக இருப்பதைவிட எலிக்குத் தலையாக இருப்பது மேல் என்று ரசிகர் சொன்னால், அதைப் புளித்த பழம் என்று ஒதுக்க முடியாது. 2016இல் நியூகாசில் இறங்கியபோது மேனேஜர் ரஃபேல் பெனிடஸ் போகாமல் இருந்தார். அடுத்த சீசன் முழுக்க இரண்டாம் அடுக்கில் ஆடிய அணியைப் பார்க்க அதன் சொந்த மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் சராசரியாக 50,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆனால் எல்லா அணிக்கும் இந்த இனிப்பு கிடைப்பதில்லை. வுல்வ்ஸ் 2012இல் இறங்கி 2013இல் மறுபடி இறங்கியது. லூட்டனும் 2024, 2025 என அடுத்தடுத்து இறங்கியது. யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் காகிதங்கள். இதை ரசிகரே ஓரளவுக்குச் சோதித்துப் பார்க்கலாம்.

பிரீமியர் லீகில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே லீகிலிருந்து சுமார் 11 கோடி பவுண்டு வருகிறது. இறங்கியதும், விழுந்த அணியைத் தாங்க லீக் தரும் 'பாராஷூட்' பணம்: ஒளிபரப்பு வருமானத்தில் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், இரண்டாம் வருஷம் 45, மூன்றாம் வருஷம் 20. மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் ஆடி இறங்கினால் மூன்றாம் வருஷத் தொகை கிடையாது. முதல் வருஷத் தொகை 5 கோடி பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதாவது வருமானம் ஒரே கோடையில் பாதிக்கும் கீழே போகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி இது: சம்பளமும் அதே கோடையில் குறையுமா? இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்ற ஷரத்து வீரர்களின் ஒப்பந்தத்தில் இருந்தால் குறையும். இல்லாவிட்டால், வாங்க ஆள் வராத வீரர் பழைய சம்பளத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 'வேண்டாதவர்களை எல்லாம் துரத்திவிடலாம்' என்று ரசிகர்கள் சொல்லும் ஆறுதல் உடைவது இங்கேதான். முதலில் போகிறவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. சம்பளச் செலவு 10 கோடி பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பாராஷூட் 4.8 கோடி, டிக்கெட்டும் விளம்பரமும் சேர்த்து 3 கோடி, ஆக வரவு 7.8 கோடி. 40 சதவீதக் குறைப்பு ஷரத்து இருந்தால் சம்பளம் 6 கோடியாகி, மூச்சு விடலாம். ஷரத்து இல்லையென்றால் சம்பளத்துக்கே 2.2 கோடி துண்டு விழும். அதை அடைக்க ஜூலையில் யாரையாவது விற்றாக வேண்டும். வாங்குகிறவருக்கும் அது தெரியும், விலை அடிபடும்.

உங்கள் கிளப்பின் நிலை என்ன என்று பார்க்க, பிரிட்டன் அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் கிளப்பின் கம்பெனிப் பெயரைத் தேடுங்கள். இலவசம். கடைசியாகத் தாக்கல் செய்த முழு ஆண்டுக் கணக்கைத் திறந்தால் நான்கு இடங்கள் போதும். சம்பளக் குறிப்பில் உள்ள தொகையை மொத்த வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். 80 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்படலாம். அடுத்து, வாங்கிய வீரர்களுக்காக மற்ற கிளப்புகளுக்கு ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணைகள். மூன்றாவது, கணக்கு முடிந்த பிறகு நடந்தவை என்ற குறிப்பு. யாரை எவ்வளவுக்கு வாங்கினார்கள், விற்றார்கள் என்பது அங்கே இருக்கும். நான்காவது, அதே தளத்தில் தனியாக உள்ள அடமானப் பதிவு: வரப்போகும் ஒளிபரப்புப் பணத்தை ஈடு காட்டி ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால், பாராஷூட் விரியும் முன்பே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றை மறக்க வேண்டாம்: கையில் கிடைப்பது சென்ற சீசனின் கணக்கு. கணக்கு முடிந்து ஒன்பது மாதம்வரை தாக்கல் செய்ய அவகாசம் இருப்பதால் ஒரு வருஷம் பின்தங்கித்தான் இருக்கும்.

இனி உங்கள் சட்டைப்பைக்கு வருவோம். செலவு குறையும் என்பது பாதி உண்மை என்றோம். பிரீமியர் லீகில் சொந்த மைதான லீக் ஆட்டங்கள் 19, சாம்பியன்ஷிப்பில் 23. சீசன் டிக்கெட் 600 பவுண்டு என்று வைத்து விலை மாறாவிட்டால், ஆட்டத்துக்கு 31.58 பவுண்டாக இருந்தது 26.09 ஆகிறது. விலையை 10 சதவீதம் குறைத்தால் 23.48. ஆனால் இந்தக் கணக்கு 23 ஆட்டத்துக்கும் போகிறவருக்குத்தான். கூடும் ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன் இரவில் வரும். 7:45க்குத் தொடங்கினால் முடிய 9:40 ஆகும்; கூட்டத்தோடு நகர்ந்து ஸ்டேஷன் போய்ச் சேர 10 மணி தாண்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று இப்போதே பாருங்கள். ஐந்து ஆட்டம் தவறினால் 600 பவுண்டு டிக்கெட்டில் ஆட்டத்துக்கு 33.33 பவுண்டு ஆகிவிடும், லாபம் போச்சு.

வெளியூர் ஆட்டத்தில் எதிர்பாராத அடி ஒன்று உண்டு. வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்ற 2016-17 முதலான விதி பிரீமியர் லீகின் விதி. கீழே அது பொருந்தாது. தூரமும் கூடலாம்: 2024-25இல் பிளிமத்தும் சண்டர்லாந்தும் ஒரே டிவிஷன், நடுவே சாலை சுமார் 400 மைல். இதிலும் நல்ல பக்கம் உண்டு. மேலே இருக்கும்போது லாயல்டி புள்ளி (தொடர்ந்து டிக்கெட் வாங்குவோருக்குக் கிளப் தரும் முன்னுரிமைப் புள்ளி) போதாமல் வெளியூர் டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

விஏஆர் விஷயத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் சொல்வது சரி. சாம்பியன்ஷிப் லீக் ஆட்டங்களில் அது கிடையாது. பந்து வலையில் விழுந்ததும் ஓரக்கோட்டு நடுவரின் கொடியை ஒருமுறை பார்த்தால் போதும். கொடி கீழே இருந்தால் கத்தலாம், மூன்று நிமிடம் பெரிய திரையை வெறித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பந்து கோல்கோட்டைத் தாண்டியதா என்று காட்டும் கோல்கோட்டுத் தொழில்நுட்பம் மட்டும் உண்டு. தப்பான ஆஃப்சைடால் உங்கள் கோல் பறிபோகும் நாளில் விஏஆரை நினைத்து ஏங்குவீர்கள், அது வேறு.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஓர் ஆறுதல் இளம் வீரர்கள். 2005இல் சவுத்தாம்ப்டன் இறங்கிய அடுத்த சீசனில்தான் அங்கே தியோ வால்காட், கேரத் பேல் இருவரும் 16 வயதில் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஆனால் கணக்கு அங்கேயும் துரத்தியது: வால்காட் 2006 ஜனவரியிலேயே ஆர்சனலுக்கும் பேல் 2007இல் டாட்டன்ஹாமுக்கும் விற்கப்பட்டார்கள், கிளப் 2009இல் லீக் ஒன்றுக்கு விழுந்தது. பையன்களைப் பார்க்கலாம், ரொம்ப நாள் பார்க்கலாம் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே, புதுப்பிக்கலாமா? வார நடு இரவுகளில் பாதிக்கு மேல் போக முடியும் என்றால் புதுப்பியுங்கள். அதற்குமுன் டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: இறங்கினால் விலை வித்தியாசம் பணமாகத் திரும்புமா, கிளப் கணக்கில் வரவாகவா, எந்தத் தேதிக்குள்? விலை 23 லீக் ஆட்டத்துக்கு மட்டுமா, கோப்பை ஆட்டமும் சேர்த்தா? (சாம்பியன்ஷிப் அணிகள் பெரும்பாலும் லீக் கோப்பையில் ஆகஸ்டின் முதல் சுற்றிலேயே நுழைகின்றன.) போக முடியாத ஆட்டத்துக்கு இருக்கையைக் கிளப் மூலம் மறுவிற்பனை செய்யலாமா, எத்தனை முறை? மாதத் தவணை என்றால் அது கிளப்போடா, வெளிக் கடன் நிறுவனத்தோடா? வெளி நிறுவனம் என்றால் பாதியில் ரத்து செய்வது கஷ்டம். போக முடியாது என்று தோன்றினால் விட்டுவிட்டு உறுப்பினர் அட்டை எடுத்து ஆட்டம் ஆட்டமாக வாங்குங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள கிளப்பில் மட்டும் இதற்குத் துணியாதீர்கள், இருக்கை திரும்பக் கிடைக்காது.

சாம்பியன்ஷிப், பிரீமியர் லீகைவிட ஒரு வாரம்போல முன்னதாகவே ஆகஸ்டில் தொடங்கிவிடும். அட்டவணை ஜூன் கடைசியில் வரும். ஆனால் அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். 2024-25 முதலான ஸ்கை தொலைக்காட்சி ஒப்பந்தப்படி கீழ் டிவிஷன்களின் ஆட்டங்கள் சீசனுக்கு 1,000க்கு மேல் நேரலையாகின்றன. சனிக்கிழமை மதியம் 3 மணி என்று அச்சானது வெள்ளி இரவுக்கோ சனி 12:30க்கோ நகரும். தொலைக்காட்சித் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு எடுங்கள்.