ஒன்பதும் பர்மாவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா ரங்கூனில் அரிசி மண்டி வைத்திருந்தவர். 1964-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறி மெட்ராஸ் வந்தார். “பர்மாவை ஆண்டானே நே வின், அவனுக்கு ராசி எண் 9. ஜோசியக்காரன் சொன்னான் என்று இருந்த நோட்டையெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிட்டு 45, 90 என்று நோட்டு அடித்தான். அதில்தான் நம்ம சொத்து போச்சு” என்று அப்பா அடிக்கடி சொல்வார். வேடிக்கை என்னவென்றால் அப்பா பிறந்தது 27-ஆம் தேதி, அவருக்கும் ராசி எண் 9-தான். நான் வாங்கப்போகும் ஸ்கூட்டருக்குக் கூட்டு எண் 9 வருகிற மாதிரி கூடுதல் பணம் கட்டி நம்பர் எடுக்கச் சொல்கிறார். ஒரு எண்ணுக்கு ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றும் சக்தி உண்டா? பர்மாவில் 8.8.88 என்று ஒரு போராட்டம் நடந்ததாகவும் படித்தேன். அதுவும் ஜோசியம் பார்த்து வைத்த தேதியா?

பெயர் வெளியிட வேண்டாம்,
வியாசர்பாடி.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சொல்லும் கதையில் இருபத்து மூன்று வருட இடைவெளி உள்ள இரண்டு சம்பவங்கள் ஒன்றாகிவிட்டன. பர்மாவிலிருந்து வந்த வேறு குடும்பங்களிலும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தாத்தாவின் மண்டியை எடுத்துக்கொண்டது ஒன்பது அல்ல. நே வின் 1962 மார்ச் 2-ஆம் தேதி ராணுவத்தை வைத்து ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளுக்கும் மொத்த வியாபாரத்துக்கும் அதே கதி. அதே ஆண்டு மே 17-ஆம் தேதி 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புது நோட்டில் 45-உம் இல்லை, 90-உம் இல்லை. தேதியின் கூட்டுத்தொகைகூட எட்டு! இதற்கெல்லாம் ‘பர்மிய வழி சோஷலிசம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது பெரும்பாலும் இந்தியர்கள், சீனர்கள் கையில் இருந்த வியாபாரத்தைப் பிடுங்கும் திட்டம்.

அதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. அந்தக் கோபம் முப்பது வருடம் ஆறவே இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்களில் துறைமுகக் கூலிகளும், தையல்காரர்களும், உங்கள் தாத்தா மாதிரி ஒரு பர்மியருக்கும் கடன் கொடுத்திராதவர்களும் இருந்தார்கள். அறுபதுகளில் வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர்.

இப்போது ஒன்பதுக்கு வரலாம். அந்தக் கதை உண்மைதான், ஆனால் நடந்தது எண்பதுகளில். 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகளை வாபஸ் வாங்கினார்கள். 75 கியாட் என்று ஒரு நோட்டு வந்தது. நே வின்னின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்காக என்று ஊரில் பேச்சு. 35, 15 என்று இன்னும் இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்த முறை ஓரளவுக்காவது பழைய நோட்டை மாற்றிக்கொள்ள வழி இருந்தது.

1987 செப்டம்பர் 1-ஆம் தேதி, நெல் வியாபாரத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக இருந்த கட்டுப்பாட்டை அரசு தளர்த்தியது. வியாபாரிகள் கொள்முதலுக்காக ரொக்கத்தைத் திரட்டிக் கையில் வைத்திருந்தார்கள். நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 5-ஆம் தேதி, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. மாற்றிக்கொள்ளவும் முடியாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெறும் காகிதம். ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் அன்றே தெருவில் இறங்கினார்கள். ஊருக்குப் போகவும் பணம் கட்டவும் அவர்கள் வைத்திருந்ததும் இதே நோட்டுகள்தானே. செப்டம்பர் 22-இல் புது நோட்டுகள் வந்தன: 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும், இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்பது. நே வின் இதற்கு ஒருபோதும் விளக்கம் சொன்னதில்லை. பர்மாவில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

கடைத்தெருவில் இது எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 200 கியாட் கொடுக்க வேண்டுமா? இரண்டு 90, ஒரு 15, ஒரு 5. ஆயிரமென்றால் பதினொரு 90, ஒரு 10. மீன்காரம்மாவுக்கும் ஒன்பதாம் வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டிய நாடு.

90 கியாட் நோட்டில் இருக்கும் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது சயா சான். பிரிட்டிஷாருக்கு எதிராக 1930-இல் விவசாயிகளைத் திரட்டியவர். நாட்டு வைத்தியர். 1930 அக்டோபர் 28 இரவு 11.33 மணிக்கு நல்ல நேரம் பார்த்து அரசராக முடிசூட்டிக்கொண்டார் என்று சொல்கிறார்கள்; டிசம்பர் 22-இல் கலகம் தொடங்கியது. பச்சை குத்திக்கொண்டால் குண்டு துளைக்காது என்று நம்பிப் போனவர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் விழுந்தார்கள். சயா சான் 1931-இல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கலகத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுபவற்றில் தலைவரியும் நெல் விலை வீழ்ச்சியும் உண்டு, நம் செட்டியார்களின் கடனும் உண்டு. ஒரே நோட்டில் ராசி எண், நல்ல நேரம், நம்மவர் கணக்கு மூன்றும் இருக்கின்றன.

பர்மியர்களுக்கு ஒன்பதின் மேல் மரியாதை இருப்பது நே வின்னால் வந்ததல்ல. புத்தரின் குணங்கள் ஒன்பது என்பது பௌத்த மரபு. கிரகங்கள் ஒன்பது. ரங்கூனில் உள்ள ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி அவரவர் பிறந்த கிழமைக்கு ஒரு இடம் உண்டு, அங்கே போய் நீர் ஊற்றி வணங்குவார்கள். புதனை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்து வாரத்துக்கு எட்டுக் கிழமை வைத்திருக்கிறார்கள். நாடு சுதந்திரம் வாங்கியதே 1948 ஜனவரி 4 அதிகாலை 4.20-க்கு, ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தில்.

அப்புறம் 8.8.88. அந்த நாளை எதிர்ப்பாளர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். காலை எட்டு மணி எட்டு நிமிடத்துக்குத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள் என்று சொல்வார்கள். ஜோசியத்தின் நிழல் அதில் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் எனக்கு வேறு காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது. பத்திரிகையும் வானொலியும் அரசின் கையில் இருந்த நாட்டில், வாய்மொழியாக ஊர் ஊராகப் போக வேண்டிய தேதி அது. நான்கு எட்டுகளை யார் மறப்பார்கள்? நே வின் அதற்கு முன்பே, ஜூலை 23-இல், ஆளும் கட்சியின் தலைமையிலிருந்து விலகியிருந்தார். ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்று அன்றைக்கே எச்சரித்தும் இருந்தார். அப்படியே நடந்தது. செத்தவர்கள் சில நூறு என்றது அரசு, ஆயிரக்கணக்கில் என்கிறார்கள் மற்றவர்கள். செப்டம்பர் 18-இல் ராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது.

ஒன்பதுப் பிரியர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். 18, கூட்டினால் 9. மாதமும் 9. தேர்தல் நடந்தது 1990 மே 27, அதுவும் 9. சரி. நம்மூர் எண் கணிதக்காரர் போடுவது போலத் தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். 18.9.1988-க்கு வருவது 8. சனி! 27.5.1990-க்கு வருவது 6. அந்தத் தேர்தலில் ராணுவத்தின் ஆதரவு பெற்ற கட்சி படுதோல்வி அடைந்தது, ஆங் சான் சூகியின் கட்சி 392 இடங்களை அள்ளியது, ராணுவம் ஆட்சியைக் கொடுக்காமலே இருந்துவிட்டது. 1962 புரட்சித் தேதியைக் கூட்டினால் தேதிக்கும் ஒன்பது வராது, மொத்தத்துக்கும் வராது. ஒரு மாதத்தில் 9, 18, 27 என்று மூன்று நாள் ஒன்பதுக்குச் சொந்தம். மாதம் தனியாக, ஆண்டு தனியாக, மணி தனியாக என்று கூட்டிக்கொண்டே போனால் எந்தச் சம்பவத்திலும் எங்கேயாவது ஒரு ஒன்பது அகப்பட்டுவிடும். அகப்படாத தேதியை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒன்பதை எதால் பெருக்கினாலும் கூட்டுத்தொகை ஒன்பதாகவே வருகிறதே என்பவர்களுக்கு: நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால், பத்துக்கு ஒன்று குறைந்த எண்ணுக்கு அந்தக் குணம் வந்துவிடுகிறது. எட்டு எட்டாக எண்ணியிருந்தால் அந்தப் பெருமை ஏழுக்குப் போயிருக்கும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. 1987-இல் நோட்டில் என்ன எண் அச்சாக வேண்டும் என்பதை ஒன்பது முடிவு செய்தது. பழைய நோட்டைச் செல்லாது என்று அறிவிக்கும் முடிவை அது எடுக்கவில்லை. கள்ளச்சந்தை கட்டுக்கடங்காமல் போயிருந்தது, வெளிக்கடன் கழுத்தை நெரித்தது, ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு அந்த டிசம்பரில் ஐநாவின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் போய் நின்றது. நே வின்னுக்கு ராசி எண் 10 ஆக இருந்திருந்தாலும் அந்தச் செப்டம்பரில் மக்கள் பணம் போயிருக்கும், என்ன, சில்லறை கொடுப்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் உலகம் முழுக்க இந்த ஒன்பது கதையைத்தான் சொல்கிறார்கள். சுவையான கதை. பைத்தியக்கார ராஜா, ஜோசியன், மாய எண். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டால், “இது கூடாது” என்று சொல்ல ஒரு மந்திரி, ஒரு வங்கி அதிகாரி, ஒரு பத்திரிகை ஆசிரியர்கூட அந்த நாட்டில் ஏன் மிச்சமில்லை என்ற கேள்வி அப்படியே நின்றுபோகிறது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. மண்டியை எடுத்துக்கொண்ட சட்டம் மறந்துபோய் நோட்டின் எண் மட்டும் நினைவில் நிற்கிறது.

நம் நாட்டிலும் நோட்டுகள் செல்லாமல் போன 2016 நவம்பர் 8-ஐ நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். அன்று இரவே எட்டாம் எண் வைத்துச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. இங்கே வங்கியில் கட்டுவதற்கு டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது, பர்மாவில் ஒரு நாள்கூட இல்லை. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரண்டு இடத்திலும் தேதியைக் கூட்டிப் பார்த்தவர்கள் வரிசையில் நின்ற கூலிக்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நே வின் தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். 2002 மார்ச்சில் அவருடைய மருமகனும் பேரன்களும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதானார்கள், அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அந்த டிசம்பர் 5-ஆம் தேதி இறந்தபோது அரசு மரியாதை எதுவும் இல்லை. அந்தத் தேதியைக் கூட்டினால் மூன்று.

இனி ஸ்கூட்டர். நம்மூர் எண் கணிதத்தில் எனக்கு ஒரு பழைய சந்தேகம் உண்டு. பெயரை மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் மாற்றுகிறார்கள். 2001-இல் ஜெயலலிதா தன் பெயரின் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டார், தமிழில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நம் கிரகங்கள் ஆங்கில எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கின்றன போலிருக்கிறது. எட்டு சனி, ஒன்பது செவ்வாய் என்று நாம் ஒப்பிக்கும் பட்டியலைப் பரப்பியதில் கீரோ என்ற அயர்லாந்துக்காரரின் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அவர் கேட்பது ஊரார் பணத்தில் அல்ல, வீட்டுப் பணத்தில். கூடுதல் தொகையை அவரே கட்டுவதாக இருந்தால் ஒன்பதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் கட்டச் சொன்னால், வருகிற நம்பரை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள்.