செவிலியர் மீதா, செவிலியராலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்களின் உடல்நலம் பற்றிய சென்ற கட்டுரையில், “அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர் மீது நடத்தப்பட்ட ஆய்வு” என்று எழுதியிருந்தீர்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கிறேன். அந்த ‘மீது’ என்னை உறுத்தியது. எலிகள் மீது நடத்துவதைப்போல எங்கள் மீதும் நடத்தினார்களா? நர்சுகள் சொன்னதைச் செய்வார்கள், கேட்டதை எழுதித் தருவார்கள் என்பதால்தான் எங்களைப் பிடித்தார்களா? ஹார்மோன் மாத்திரை விஷயத்தில் அதே ஆய்வு தவறான முடிவைச் சொன்னதாகவும் படித்தேன். நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்பதும் அதில்தான் நிரூபிக்கப்பட்டது என்று எங்கள் டியூட்டி அறையில் பேசிக்கொள்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

‘மீது’ என்று எழுதியது என் தவறு. கட்டுரையில் அதைத் திருத்திவிட்டேன். நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகு யோசித்தால், அந்த ஆய்வின் மிக முக்கியமான அம்சத்தையே அந்தச் சொல் மறைத்துவிட்டது தெரிகிறது.

1976-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராங்க் ஸ்பைசர் ‘செவிலியர் உடல்நல ஆய்வு’ (Nurses’ Health Study) என்ற அந்த ஆய்வைத் தொடங்கியபோது அவர் முன்னால் இருந்த கேள்வி சிறியது: பல ஆண்டுகள் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்குப் பிற்காலத்தில் என்ன ஆகிறது? அந்த மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்து அப்போது பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பதினொரு மாநிலங்களில் முப்பது முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் இருந்த, திருமணமான, பதிவுபெற்ற செவிலியருக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. கருத்தடை பற்றிய கேள்வி அன்று கூச்சத்துக்குரியது என்பதால்தான் திருமணமானவர்களை மட்டும் கேட்டார்கள். ஏறத்தாழ 1,70,000 பேருக்கு அனுப்பியதில் 1,21,700 பேர் பூர்த்தி செய்து திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று அந்தக் கேள்வித்தாள் போய்க்கொண்டே இருந்தது.

செவிலியரைத் தேர்ந்தெடுத்தது சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்பதற்காக அல்ல. மருத்துவச் சொற்கள் தெரிந்தவர்கள், கேட்டதற்குத் துல்லியமாகப் பதில் எழுதக்கூடியவர்கள், பல ஆண்டுகள் தொடரும் ஒன்றில் பாதியில் கழன்றுகொள்ளாமல் நிற்கக்கூடியவர்கள் என்பதற்காக. இதை ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். தபாலில் வரும் பதிலை நம்பி ஓர் ஆய்வை நடத்தும்போது, பதில் எழுதுகிறவரின் கைதான் அளவுகோல். ஆயினும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. எனக்குப் புற்றுநோய் வந்தது என்று எழுதியவர்களின் மருத்துவப் பதிவேடுகளை வாங்கிச் சரிபார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை ஏறக்குறைய எல்லாப் பதில்களும் சரியாகவே இருந்தன.

எனக்கு நெருங்கியவர் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்திருந்த இரவில் நான் துணைக்கு இருந்தேன். இரண்டு மணி இருக்கும். செவிலியர் வந்தார், யூரின் பையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திக் கோட்டைப் பார்த்தார், சார்ட்டில் எழுதினார். பிறகு மீண்டும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, எழுதிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் வேறோர் எண்ணை எழுதிக் கையொப்பமிட்டார். “பத்து மில்லிதானே சிஸ்டர்?” என்று கேட்டேன். “பத்து பத்தாத்தான் சார் காலையில நூறாகும்” என்றார். அடித்த எண் படிக்கும்படி தெரியவேண்டும் என்பதுகூட விதி என்று அன்றுதான் அறிந்தேன். அந்தப் பழக்கம்தான் 1976-ல் தபால் பெட்டி வழியாக வந்து சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

1982 முதல் சில ஆண்டுகள், கால் நகங்களை வெட்டி அனுப்பச் சொன்னார்கள். உணவில் உள்ள செலினியம் போன்ற தனிமங்களின் அளவு நகத்தில் படிந்திருக்கும். கால் நகம் மெதுவாக வளர்வதால் பல மாதங்களின் கணக்கு அதில் சேர்ந்திருக்கும். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் நகம் வெட்டி, உறையில் போட்டு அனுப்பினார்கள். செலினியம் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு அந்த நகங்களைக் கொண்டு பார்த்ததில் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்கும் இத்தனை பேர் தேவைப்பட்டார்கள். 1989-லும் அடுத்த ஆண்டிலும் சுமார் முப்பத்துமூவாயிரம் பேர் இரத்த மாதிரியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பெட்டியிலிருந்து ஊசியையும் குழாய்களையும் எடுத்து, இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்து, குளிர்பொதிகளோடு ஒரே இரவில் போய்ச் சேரும்படி அனுப்பிவைத்தவர்களும் அவர்களே. வேறெந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் இப்படி ஒரு பெட்டியை நம்பிக் கொடுக்க முடியும்?

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் பெண்ணுடலைப் பற்றிய மருத்துவ அறிவில் பெரும்பகுதி ஆணுடலிலிருந்து கடன் வாங்கியது. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்கப் பரிந்துரைத்தது. பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே 1993-ல்தான் வந்தது. ஆஸ்பிரின் நல்ல உதாரணம். 22,071 ஆண் மருத்துவர்களிடம் நடந்த சோதனையில் அது முதல் மாரடைப்பைக் கணிசமாகக் குறைத்தது. பிறகு 39,876 பெண்களிடம் சோதித்து 2005-ல் முடிவு வெளியானபோது, ஒட்டுமொத்தமாக மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்தது. அந்தப் பெண்கள் அனைவரும் மருத்துவப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் செவிலியர்.

இனி ஹார்மோன் விவகாரம். நீங்கள் படித்தது சரி. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொண்ட செவிலியருக்கு இதயநோய் குறைவாக இருப்பதாக 1985-ல் இந்த ஆய்வு சொன்னது. 2002-ல், 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணிகளாகப் பிரித்து ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த வேறொரு பெரிய ஆய்வு, பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி, இதயநோய் எல்லாம் கூடியிருந்தன. எலும்பு முறிவு குறைந்தது என்பது உண்மை, ஆனால் அதற்காக இவ்வளவு விலை கொடுக்க முடியாது என்று முடிவெடுத்தார்கள்.

செவிலியர் பொய் எழுதினார்களா? இல்லை. எழுதியது எல்லாம் சரி, ஒப்பிட்டதில்தான் சிக்கல். தானாக முன்வந்து ஹார்மோன் கேட்டு வாங்கிய பெண்கள், ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள், மருத்துவரிடம் அடிக்கடி போகிறவர்கள். அவர்கள் இதயம் நன்றாக இருந்ததில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, அந்தக் கவனிப்புக்கு எவ்வளவு பங்கு என்று கேள்வித்தாளால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வயதும் ஒரு காரணம்: செவிலியரில் பலர் மாதவிடாய் நின்றவுடன் தொடங்கியவர்கள், குலுக்கல் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது அறுபத்துமூன்று. எப்போது தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறக்கூடும் என்று பின்னால் வந்த விவாதம் இங்கிருந்துதான் கிளம்பியது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: செவிலியர் ஆய்வில் இருந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையினத்தவர், எல்லோரும் படித்தவர்கள். அவர்களின் எண்களை அப்படியே எல்லாப் பெண்களுக்கும் பொருத்துவது நியாயமில்லை.

நைட் டியூட்டி பற்றி உங்கள் டியூட்டி அறையில் பேசிக்கொள்வது பாதி சரி. மாதத்துக்குக் குறைந்தது மூன்று இரவுகள், பகல் பணியோடு மாறி மாறி, எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள் என்ற கேள்வி 1988-ல்தான் கேட்கப்பட்டது. ஆய்வு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! கருத்தடை, புகை, உணவு என்று எல்லாவற்றையும் கேட்டவர்களுக்கு அவர்கள் செய்யும் வேலையைக் கேட்கத் தோன்ற இவ்வளவு காலம் ஆனதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2001-ல் வெளியான கட்டுரையில், முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ அப்படி வேலை செய்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மிதமாகக் கூடியிருந்தது. 2007-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் நாள்தாளத்தை, அதாவது உறக்கமும் விழிப்பும் மாறிவரும் ஒழுங்கை, குலைக்கும் ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் வைத்தது. 2019-ல் இரவுப் பணியை அதே வகையில் மீண்டும் உறுதி செய்தது. ஆனால் 2017-ல் அதே செவிலியரை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதியபோது, 1976-ல் சேர்ந்த முதல் குழுவில் அந்தத் தொடர்பு ஒட்டுமொத்தமாக நிலைக்கவில்லை. 1989-ல் சேர்ந்த இளைய குழுவில், இளம் வயதிலேயே தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவில் வேலை செய்திருந்தவர்களிடம்தான் அது வலுவாகத் தெரிந்தது. ஆகவே ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்பது மிகை. ‘ஒன்றுமில்லை’ என்று நிர்வாகம் சொன்னால் அதுவும் தவறு. உங்கள் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே இளைய குழுவில், புற்றுநோய் மருந்துகளைக் கையாண்ட செவிலியருக்குக் கருச்சிதைவு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2012-ல் எழுதினார்கள். கர்ப்பமாக இருக்கும் சக ஊழியரை அந்த மருந்துகளின் பக்கம் அனுப்பக் கூடாது என்று நீங்கள் வாதாட நேர்ந்தால், இரவுப் பணி பற்றிய எதையும்விட இது கையில் பிடித்துக்கொள்ளத் தக்கது.

‘மாதத்துக்கு மூன்று இரவு’ என்ற அந்தக் கேள்வியை உங்களிடம் கொடுத்தால் எப்படித் திருத்துவீர்கள் என்று அறிய ஆசை. தொடர்ந்து நான்கு இரவு பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஆள் இல்லை என்று மதியம்வரை நிறுத்திவைக்கப்படுவதை அந்தக் கட்டத்தில் எங்கே எழுதுவது என்று முதலில் நீங்கள்தான் கேட்பீர்கள். எழுதியனுப்புங்கள், அடுத்த கடிதமாக வெளியிடுகிறேன்.