ஜெனீவாவுக்கு மனு அனுப்ப நாற்பதாயிரம் எதற்கு?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். 2009-இல் இலங்கையில் செட்டிகுளம் முகாமிலிருந்து விசாரணைக்கென்று கூட்டிப்போய் என் அக்காவைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஜெனீவாவுக்கு அபிடவிட் போட ஒருவர் ரூ.40,000 கேட்கிறார். நஷ்டஈடும் வெளிநாட்டு விசாவும் கிடைக்குமாம், செப்டம்பர்தான் கடைசியாம். அக்காவின் அசல் அடையாள அட்டையையும் வாங்கி வைத்திருக்கிறார். மருத்துவச் சான்று எதுவும் எங்களிடம் இல்லை. என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. இலங்கையில் நடந்த குற்றங்களுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க, ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி அந்த அலுவலகத்தில் தனிக் குழு அமைத்தார்கள். அது நஷ்டஈடு தரும் இடமும் அல்ல, விசா தரும் இடமும் அல்ல. மனித உரிமைப் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. செப்டம்பர்தான் கடைசி என்பது உங்களை அவசரப்படுத்தச் சொல்லும் பொய்.

இந்தத் தரகர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பணம் போவதைவிட மோசம், அவர்கள் எழுதும் வாக்குமூலம். ஒருவருக்கு எழுதியதையே பெயரையும் தேதியையும் மாற்றிப் பத்துப் பேருக்கு அடிப்பார்கள். கனமாக இருக்கட்டும் என்று நடக்காததையும் சேர்ப்பார்கள். பின்னால் உண்மையான விசாரணை வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைக் காட்டியே அக்காவைப் பொய்சாட்சி ஆக்கிவிடுவார். செல்போனில் பேசவைத்துப் படம் எடுக்க வருகிறவர்களையும் திருப்பி அனுப்புங்கள். பல பேரிடம் பல முறை சொன்னால் சின்னச் சின்ன மாற்றம் வரத்தான் செய்யும்; அதையும் முரண்பாடு என்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவரிடம், அக்காவுக்கு மனம் வரும்போது, ஒருமுறை சொன்னால் போதும்.

மருத்துவச் சான்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பெண்கள் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். உடனே பரிசோதிக்காவிட்டால் வழக்கே நிற்காது என்று நினைக்கிறோம். போர்க்காலக் குற்றங்களில் அப்படி இல்லை. ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1998-இல், அகாயேசு என்ற முன்னாள் மேயர்மீதான வழக்கில், பாலியல் வன்கொடுமையை இனப்படுகொலையின் பகுதியாகவே கருதித் தண்டித்தது. பெண்கள் நேரில் வந்து சொன்ன சாட்சியம்தான் அதற்கு அடிப்படை. அப்படிச் சாட்சி சொல்பவருக்குத் துணை ஆதாரம் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பாயத்தின் விதியிலேயே இருந்தது. அப்புறம், தழும்பு, தூக்கமின்மை, சீருடையைக் கண்டால் வரும் நடுக்கம் இவற்றையெல்லாம் பல வருடம் கழித்தும் மருத்துவர் பதிவு செய்யலாம். இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. வழிகாட்டி 1999-இலிருந்தே இதற்காக இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் அக்காவைக் காட்டுங்கள், சிகிச்சைக்காகவே காட்டுங்கள். ஓ.பி. சீட்டுகளை மட்டும் தூக்கி எறிய வேண்டாம்.

உண்மையான கெடு ஒன்று இருக்கிறது. இலங்கைச் சட்டப்படி கொலை, தேசத்துரோகம் தவிர மற்ற குற்றங்களுக்கு 20 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 2009-இல் நடந்ததற்கு 2029 வரைதான். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டம் என்ற ஒப்பந்தத்தில் இலங்கை சேராததால் அந்த நீதிமன்றத்தின் கதவும் எளிதில் திறக்காது. ஜெனீவாவில் தீர்மானம் மேல் தீர்மானம் போடுகிறார்கள். கொழும்பில் கோப்பு நகர்வதில்லை. இந்தப் பெண்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, எத்தனை காலம்தான் காத்திருப்பார்கள்?

சரி, முதலில் அந்த அட்டையை மீட்க வேண்டும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும். வன்கொடுமை பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். அசல் அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் பணம் கேட்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். அகதிகளுக்கு இது கிடையாது என்று அங்கே யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். செயலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஒரு நீதிபதி.