அயிரை மீன் பேர் கொண்ட பச்சைக்கல்

போன இதழில் நியூசிலாந்து மாவோரி மக்களின் சிற்பங்களைப் பற்றி போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி: என் மகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன் ஒரு பச்சைக்கல் பதக்கம் கொடுத்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு குட்டி உருவம். மாமியார் பேய் பொம்மை என்கிறார். கழுத்தில் போடலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: தாராளமாகப் போடுங்கள். அதற்கு ஹெய் டிக்கி என்று பேர். முதல் மனிதனான டிக்கியின் உருவம் என்று சிலர் சொல்வார்கள், பிரசவத்துக்குத் துணை நிற்கும் பெண் தெய்வம் என்று சிலர் சொல்வார்கள், பேய் என்று யாரும் சொல்வதில்லை.

கல்லுக்குப் பேர் பொனாமு. தெற்குத் தீவின் மேற்குக் கரையில், முக்கியமாக அரஹுரா ஆற்றில் கிடைக்கிறது. மாவோரி மொழியில் அந்தத் தீவையே தெ வாய்பொனாமு என்று கல்லின் பேரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அதில் ரகங்கள் உண்டு. பால் கலந்தது போன்ற வெளிர் பச்சைக்கு ஈனங்கா என்று பேர். ஈனங்கா என்பது அங்கே ஆற்றில் ஓடும் பொடி மீன். மதுரைக்காரர்கள் ஒரு கல்லுக்கு அயிரை என்று பேர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கரும்பச்சைக் கல் கவகவா. அது ஒரு இலையின் பேர், மிளகுக் குடும்பத்துச் செடி, நம் சோழவந்தான் வெற்றிலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இலையின் ஜாடைகூட அதே ஜாடைதான். வெளிச்சம் ஊடுருவும் இன்னொரு ரகத்துக்குக் கண்ணீர் என்று அர்த்தம் வரும்படி தங்கிவாய் என்று வைத்திருக்கிறார்கள்.

உடம்பில் படும்படி போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். ஒருவர் கழுத்திலிருந்து பிள்ளை கழுத்துக்கு, அங்கிருந்து பேரன் பேத்திக்கு என்று இறங்க இறங்க, போட்டவர்களின் பெருமையும் கல்லோடு சேர்ந்து வருவதாக நம்புகிறார்கள். பாட்டியின் நகையை அழித்துப் புதிதாகச் செய்ய மனசு வராமல் அப்படியே வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தனக்குத்தானே வாங்கக்கூடாது, இன்னொருவர் கொடுத்துத்தான் போடவேண்டும் என்றும் பரவலாக ஒரு பேச்சு உண்டு, எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம், பிள்ளை கொடுத்தது.

எங்கே வாங்கினாய் என்று மட்டும் அவனிடம் கேட்டுவையுங்கள். டூரிஸ்ட் கடைகளில் கனடா, சைபீரியா, சீனாக் கல்லெல்லாம் கலந்து விற்கிறார்கள். ங்காய் தாஹு என்ற மாவோரி இனத்தாரின் பகுதியில் இருக்கும் பொனாமு அவர்களுக்கே சொந்தம் என்று 1997இல் சட்டம் வந்தது. அவர்கள் சான்று கொடுக்கும் கல்லோடு ஒரு குறியீடு வரும், அதை வைத்துக் கல்லின் பூர்வீகத்தையும் செதுக்கியவரையும் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: நான் கல் வேலை செய்கிறவன். இரும்பே இல்லாத காலத்தில் அந்தக் கல்லை எப்படிச் செதுக்கினார்கள்? (வாசகர், மேலூர்)

பதில்: செதுக்கவே இல்லை, தேய்த்தார்கள். பொனாமுவில் பெரும்பாலானது நெஃப்ரைட் என்ற ஜேட் வகை. உள்ளே நார் நாராகப் பின்னிக் கிடப்பதால் தட்டினால் பெயர்ந்து வராது. மணற்கல் தகடு, தண்ணீர், பொறுமை, இவ்வளவுதான் கருவி. இரண்டு பக்கமும் பள்ளம் விழும்படி அறுத்துக்கொண்டே போய், நடுவில் மெல்லிசாக மிஞ்சும்போது உடைத்து எடுப்பார்கள். துளை போட, கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணம், அதன் முனையிலும் கல்தான். உங்கள் பாஷையில் சொன்னால், அம்மியைக் கொத்தவேண்டும், இதையோ அம்மியில் வைத்து அரைக்கவேண்டும். ஒரு துண்டுக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் எதையும் வீணாக்கவில்லை. இதே கல்லில் செய்த, மரம் செதுக்கும் வாய்ச்சியையே பிற்பாடு ஹெய் டிக்கியாகத் தேய்த்திருக்கிறார்கள். மெரெ என்ற குட்டையான கைத்தடி ஆயுதங்கள் பலவற்றுக்கு ஆளுக்கு வைப்பது போலத் தனிப் பேர்.

கேள்வி: மரச் சிற்பங்கள் எல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, என்ன கோபம்? (கல்லூரி மாணவர், பசுமலை)

பதில்: வந்து பார் என்று எதிராளிக்கு விடும் சவால் அது, ஹாக்கா என்ற மாவோரிகளின் ஆவேச ஆட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நாக்கோடு நின்றுவிடாதீர்கள், சிற்பம் நிற்கிற வீட்டைப் பாருங்கள். ஊர் கூடும் வீடு ஒரு மூதாதையின் உடம்பு. முகட்டு உத்திரம் முதுகெலும்பு, சாய்வுக் கட்டைகள் விலா, முகப்பில் இரண்டு பக்கமும் இறங்கும் பலகைகள் கைகள், பலகை நுனியில் விரல்கள்கூட இருக்கும். சுவரை ஒட்டி நிற்கும் தூண் ஒவ்வொன்றும் பேர் தெரிந்த ஒரு தாத்தா, ஒரு பாட்டி. நாமும் கோயிலைப் படுத்திருக்கும் உடம்பாகவும் கோபுரத்தைப் பாதமாகவும் சொல்கிறோம். என்றாலும் மீனாட்சி கோயிலைவிட உங்கள் குலதெய்வக் கோயிலை நினைத்தால்தான் இது சரியாகப் பிடிபடும். அப்படி ஒரு வீட்டை, தெ ஹாவ் கி தூரங்கா, ரஹாருஹி ருக்குபோ என்ற தலைவர் 1840களின் தொடக்கத்தில் தன் அண்ணன் நினைவாகச் செதுக்கினார். 1867இல் அரசாங்கம் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பிற்பாடு அது வெலிங்டன் நகரத்து தெ பாப்பா மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குலசாமிப் பெட்டியைத் தாசில்தார் தூக்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா?

மரம் பெரும்பாலும் டோட்டரா. வெட்டுவதற்கு முன்னால் காட்டுக்கு அதிபதியான தானே என்ற தெய்வத்துக்கு மந்திரம் சொல்வார்கள். செதுக்கும்போது விழும் சிராயை வாயால் ஊதக்கூடாது, அதை அள்ளிப்போய் அடுப்பு எரிக்கவும் கூடாது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு தேர் வேலைதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஆசாரி ஒருவர் இலுப்பைப் பலகையில் யாளி செதுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டாப்புளியால் இரண்டு தட்டு, யாளியின் கண்ணில் ஃபூ என்று ஒரு ஊது, மறுபடி இரண்டு தட்டு. சாயங்காலம் சிராயை எல்லாம் சாக்கில் அள்ளி வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோனது நான்தான். அங்கே பிறந்திருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும்.

சிற்பக்கலை வந்த கதையும் அவர்களிடம் உண்டு. ருவாதெபுபுக்கே என்பவரின் மகனைக் கடல் தெய்வம் தங்காரோவா பிடித்துப்போய்த் தன் வீட்டு முகட்டில் சிற்பமாக வைத்துவிட்டது. தேடிப்போன அப்பா, அந்த வீட்டுக்குள்ளே தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார். ராத்திரி வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, மகனோடு வெளிப்பக்கம் நின்ற தூண்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார். வெளியே நின்றவை பேசத் தெரியாத தூண்கள். சிற்பங்கள் இன்றைக்கும் பேசாமல் இருப்பது அதனால்தானாம்.

கேள்வி: மாவோரிகள் தமிழர்கள்தான் என்று வாட்ஸப்பில் வருகிறதே? (வாசகர், செல்லூர்)

பதில்: இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கொலன்சோ என்ற மிஷனரி அங்கே போனபோது, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த வெண்கலப் பாத்திரம் ஒரு உடைந்த கப்பல் மணியாக இருந்தது. மொகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் எழுதியிருக்கிறது. அதுவும் தெ பாப்பாவில்தான். ஃபார்வர்ட் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: நான் வாகனம், கதவு செதுக்கும் தொழில். ரிசார்ட் ஒன்றின் பாருக்கு மாவோரி முகம் பத்துத் தூண் கேட்கிறார்கள். நெட்டில் படம் இருக்கிறது, செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கைக்கு வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முகத்துச் சுருள் கோடுகள் சும்மா டிசைன் இல்லை அண்ணே, இன்னார் வம்சம் என்று சொல்கிற கோடுகள். உங்கள் ஊர்க் கருப்பசாமியின் மீசையையும் அரிவாளையும் அப்படியே வேறு நாட்டில் ஒருவர் செதுக்கி, பக்கத்தில் பீர் பாட்டிலை அடுக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துத் தூணிலும் பத்து யாளி செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஆர்டர் போகட்டும். அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்கள் என்றால் மட்டும் மறுபடி ஒரு கடிதம் போடுங்கள், பேசிக்கொள்வோம்.