கேம் டிசைனா, ஐ.டி.யா? சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ப்ளஸ் டூ முடிவு வந்த கையோடு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேம், டேட்டா, டிசைன் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், கட்-ஆஃப் 171. கேம் டிசைன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று வருட டிகிரி என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு அம்மா, குரோம்பேட்டை

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? இன்ஸ்டிட்யூட் தருவது வெறும் டிப்ளமோவாகவும், டிகிரி எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், இந்தக் கல்வியாண்டு மூன்றுக்கும் யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி இணையதளத்திலேயே பாருங்கள். அட்மிஷன் கவுன்டரில் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். “நூறு சதவீத ப்ளேஸ்மென்ட்” என்ற போர்டைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அதற்குப் பதிலாக, கடைசி வருட மாணவர்கள் செய்த கேம்களை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான்கைந்து கேமாவது காட்ட முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்து, உங்கள் மகன் “கேம் டிசைன்” என்று எதைச் சொல்கிறார்? கேம் ஸ்டுடியோவில் கோடு எழுதுபவர் வேறு, கதாபாத்திரமும் காட்சியும் வரைபவர் வேறு, டிசைனர் வேறு. டிசைனரின் வேலை விதிகளை வகுப்பது: இந்த லெவலில் எத்தனை எதிரிகள், எவ்வளவு காசு சேர்ந்தால் அடுத்த ஆயுதம், எந்த இடத்தில் ஆடுபவர் அலுத்துப்போய் போனைக் கீழே வைப்பார். படித்து முடித்து நேராக டிசைனராக வேலைக்குச் சேருபவர்கள் குறைவு. பெரும்பாலோர் புரோகிராமராகவோ, ஆர்ட்டிஸ்டாகவோ, கேமைச் சோதிக்கும் டெஸ்டராகவோ உள்ளே போய்த்தான் அங்கே நகர்கிறார்கள். பெரிய ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் வெளியூர்களில்: யூபிசாஃப்ட் புனேயில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்தில், ராக்ஸ்டார் பெங்களூரில். இந்தத் துறை ஆட்டம் காண்பதும் உண்டு. 2025 பிப்ரவரியில், விஷுவல் எஃபெக்ட்ஸ், அனிமேஷன் வேலை செய்துவந்த டெக்னிகலர் நிறுவனம் கவிழ்ந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று வேலையிழந்தார்கள்.

அதனால் கோடு எழுதுவதில் ஆர்வம் இருக்கிற பையன் என்றால், டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு இன்ஜினியரிங் கலந்தாய்வு) வழியாக நல்ல கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸோ பி.டெக். ஐ.டி.யோ எடுத்துவிட்டு, கேமைப் பக்கத்திலேயே வளர்ப்பதுதான் என் ஓட்டு. கேம் இன்ஜின், அதாவது கேமை உருவாக்கி இயக்கும் மென்பொருள், ஓடுவதே வெக்டர், மேட்ரிக்ஸ், இயற்பியல் இவற்றை வைத்துத்தான். இன்ஜினியரிங் கணிதம் வீண்போகாது. கேம் வேலை அமையாவிட்டாலும் வேறு கதவுகள் திறந்திருக்கும்.

ஆர்வம் உண்மையா என்று பார்க்க, கல்லூரி திறப்பதற்குள் செலவில்லாத ஒரு சோதனை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஒரு புலியைக் கூட்டிப் பத்து ஆட்டம், ஆட்டை 12 ஆகக் குறைத்துப் பத்து ஆட்டம் என்று வீட்டில் யாருடனாவது ஆடி, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் ஜெயித்தது, எந்த நகர்வில் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி ஒரு புது விதி போடச் சொல்லுங்கள். இதில் மூழ்கிப்போனால் பையனிடம் விஷயம் இருக்கிறது. இரண்டாம் நாளே நோட்டைத் தூக்கிப் போட்டால் அவருக்குப் பிடித்தது ஆடுவது மட்டும்தான். அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு லட்சங்கள் கட்ட வேண்டாம்.

சோதனையில் தேறினால் அதே ஆட்டத்தை கோடோ இன்ஜினில் செய்து பார்க்கட்டும். அது முற்றிலும் இலவசம், திறந்த மூல மென்பொருள். யூனிட்டி, அன்ரியல் என்ற மற்ற இரண்டு இன்ஜின்களும் அப்புறம் வரட்டும். யூனிட்டிக்கு சி ஷார்ப் மொழி, அன்ரியலுக்கு சி ப்ளஸ் ப்ளஸ் மொழி. ஆனால் ஒரே இன்ஜினில் தலையை அடமானம் வைக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. குளோபல் கேம் ஜாம் என்று ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கும். சில நாட்களில் குழுவாக ஒரு கேம் செய்ய வேண்டும். இரண்டு வருடம் அதில் கலந்துகொண்டவரிடம் இன்டர்வியூவில் காட்ட ஏதாவது இருக்கும்.

சி.எஸ்.இ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன்: சாய்ஸ் லிஸ்ட்டில் எதை மேலே போடுவது? பெங்களூரில் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்று வேறு ஒன்று இருக்கிறதே? மேற்படிப்புக்கு என்ன வழி?
— மாணவர், அம்பத்தூர்

பெங்களூரில் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் என்று சொல்வது கிட்டத்தட்ட நம்ம ஊர் ஐ.டி.தான். இந்தப் பிரிவுகள் எல்லாவற்றிலும் டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றே. ஏ.ஐ. பிரிவில் புள்ளியியல் கூடும், டிசைன் பிரிவில் இன்டர்ஃபேஸ் சார்ந்த பாடங்கள் சேரும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் இவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைக்கின்றன. ஆகவே நல்ல கல்லூரியில் ஐ.டி.யும் சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ.யும் கிடைத்தால், யோசிக்காமல் முன்னதை மேலே போடுங்கள். கிண்டி, எம்.ஐ.டி. என்று தொடங்கி உங்கள் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் மேலே இருப்பவற்றையும் தைரியமாக எழுதுங்கள். மேலே எழுதியதால் கீழே இருப்பது பறிபோகாது. மேற்படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள்: கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்குத் தனித் தாள் வந்திருக்கிறது. எந்தப் பிரிவில் படித்தாலும் எழுதலாம்.

எனக்குப் புத்தகங்கள், பழைய ஆவணங்கள், அவற்றை ஒழுங்குபடுத்துவது பிடிக்கும். நூலக அறிவியல் படித்தால் எதிர்காலம் இல்லை என்று வீட்டில் திட்டுகிறார்கள்.
— மாணவி, மயிலாப்பூர்

இந்த வாரம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தகவலை எப்படி அடுக்கினால் தேடுபவருக்குக் கிடைக்கும் என்ற சிந்தனைக்குச் சென்னை ஒரு தாய்வீடு. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது: எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இன்று ஷாப்பிங் ஆப்பில் விலை, நிறம், சைஸ் என்று தனித்தனியாக வடிகட்டுகிறோமே, அதன் பின்னால் இருப்பதும் அதே யோசனைதான்.

நடைமுறைக்கு வருவோம். நம் ஊரில் நூலக அறிவியல் பெரும்பாலும் ஏதாவது ஒரு டிகிரிக்குப் பிறகு படிப்பது: ஒரு வருட பி.லிப்., அப்புறம் எம்.லிப். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. அதன் வேர் 1931இல் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தத் தொடங்கிய வகுப்பில் இருக்கிறது. அதனால் இப்போது இளங்கலையில் உங்களுக்குப் பிடித்த பாடம் எதையும் எடுக்கலாம். என்னைக் கேட்டால் வரலாறு அல்லது தமிழ், கூடவே பைத்தான் புரோகிராமிங்கும், டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல். மொழியும். அல்லது தலைகீழாக: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போய்ப் பாருங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைக் கிளறுங்கள். பழைய அச்சை ஸ்கேன் செய்வது எளிது. அதற்குச் சரியான விவரக்குறிப்பு எழுதத் தமிழும் தெரிந்து டேட்டாபேஸும் தெரிந்த ஆள் வேண்டும். அரசு நூலக வேலைகள் எண்ணிக்கையில் குறைவு என்று உங்கள் வீட்டார் சொல்வது சரிதான். அதனால்தான் கம்ப்யூட்டர் பக்கம் ஒரு கையை வைத்திருக்கச் சொல்கிறேன்.

நான் காமர்ஸ் குரூப், கணிதம் இல்லை. நன்றாக வரைவேன். கேம் ஆர்ட்டுக்கு வழி உண்டா?
— மாணவர், கொளத்தூர்

உண்டு. ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். (டிசைன் பட்டம்) படிப்புக்கான யூசீட், தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யின் டாட் தேர்வு, இரண்டையும் எந்தக் குரூப்பினரும் எழுதலாம். கையால் வரையும் திறமையையும் சோதிப்பார்கள். இந்தத் தேர்வுகளுக்கு முந்தைய ஆண்டு இறுதிக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்த வருடம் உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. உள்ளூரிலேயே வேண்டுமானால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இன்னொன்று. கோட்டோவியமும் உடற்கூறும் அங்கே நன்றாகப் பழகும். 3டி உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், இன்றே தொடங்குங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தேன். இன்ஜினியரிங் கட்டணத்தை நினைத்தாலே பயம்.
— மாணவி, வியாசர்பாடி

பயம் வேண்டாம். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியே இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் பலர் பள்ளிக்கும் கலந்தாய்வு உதவி மையத்துக்கும் அலைவது இதற்காகத்தான்.

என் மகள் சேர நினைக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் நிஜமான டிகிரிதானா? ஜே.இ.இ. இல்லாமல் எப்படி?
— ஒரு அப்பா, தாம்பரம்

நிஜம்தான். 2020இல் தொடங்கியது. நான்கு வாரப் பாடம், அதன்பின் தகுதித் தேர்வு, தேறினால் சேர்க்கை. தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பி.டெக். அல்ல, விடுதி வாழ்க்கையும் இல்லை. உள்ளே போவது எளிது, முடிப்பது கஷ்டம். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி 2022இல் அனுமதித்ததால், பி.எஸ்சி. அல்லது பி.காம். படித்துக்கொண்டே இதையும் சிலர் செய்கிறார்கள். உங்கள் மகள் தினமும் இரண்டு மணி நேரம் தானாக உட்காருவார் என்றால் சேருங்கள்; பக்கத்தில் நின்று விரட்ட வேண்டும் என்றால் வேண்டாம்.

ஆன்லைன் கேமுக்குத் தடை வந்துவிட்டதே, இனி கேம் படிப்பு எதற்கு? இன்னொன்று: கேமிங் லேப்டாப் இப்போதே வாங்கவா?
— அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து, பெரம்பூர்

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. சாதாரண கேமும், போட்டியாக ஆடும் ஈஸ்போர்ட்ஸும் அந்தத் தடையில் வராது. ரம்மி ஆப் நிறுவனங்களில் இருந்த வேலைகள் போனது உண்மை. நீங்கள் செய்ய நினைப்பது அதுவல்ல என்றே நினைக்கிறேன். லேப்டாப்பை முதல் செமஸ்டர் முடிந்தபின் வாங்குங்கள். கோடோவுக்கும் 2டி வேலைக்கும் வீட்டில் இருக்கும் சாதாரண மெஷினே போதும். 3டி பக்கம் போவது உறுதியான பிறகு கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதாகப் பார்க்கலாம். அதுவரை அந்தப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.