மூணாறு–டாப் ஸ்டேஷன் பழைய ரயில் தடத்தில் வருடம் முழுக்க நடக்க முடியுமா?

மூணாறிலிருந்து மேலே டாப் ஸ்டேஷன் வரை நடக்கலாம், அங்கிருந்து கீழே குரங்கணிக்கு இறங்குவதுதான் எல்லா நாளும் முடியாது. தண்டவாளம் இருக்கும் என்று மட்டும் நினைத்து வராதீர்கள். 1902இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம், மாடுகள் இழுத்த வண்டி. 1908இல்தான் இரண்டடி அகலப் பாதையாக்கி நீராவி இன்ஜின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் கொட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் எங்கள் எஸ்டேட் பெரியவர்களுக்கு அது இன்னும் 'தொண்ணூற்று ஒன்பது வெள்ளம்'. ரயிலை மறுபடி யாரும் கட்டவில்லை.

இப்போதைய தார்ச்சாலை பல இடங்களில் அந்தத் தடத்தை ஒட்டியே போகிறது. யானை நடமாடும் இடம், நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுப்பாதைக்கு வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன எத்தனையோ இளம் உயிர்கள் போயின, தயவுசெய்து கோடையில் அந்தப் பக்கம் இறங்காதீர்கள்.