தொடை இல்லாத துரியோதனன்கள்

வணக்கம் சார்,

பொங்கல் லீவில் நானும் மகனும் வேற்றுக்கிரகத்தார் படையெடுத்து வரும் படங்களாகத் தேடிப் பார்த்தோம். மூன்று நாளில் மூன்று படம். மூன்றும் கடைசியில் கழுத்தை அறுத்துவிட்டன. இரண்டு மணி நேரம் ஊர் ஊராக எரிகிறது, ராணுவம் கையை விரிக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு படத்தில் கிருமி தாக்கிச் சாகிறார்கள், இன்னொன்றில் கம்ப்யூட்டர் வைரஸ், மூன்றாவதில் பச்சைத் தண்ணீர். “இதுக்கா இவ்ளோ நேரம் உக்காந்தோம்?” என்கிறான் பையன். பத்தாவது படிக்கிறான். எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனமா, இல்லை இந்த வகைக் கதைக்கு நல்ல முடிவே அமையாதா?

செ., பாலக்கோடு

அன்புள்ள செ.,

படங்களின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் கிருமி என்றால் ஸ்பீல்பெர்க் 2005இல் எடுத்த ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’, வைரஸ் என்றால் 1996இல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’, தண்ணீர் என்றால் 2002இல் வந்த ஷியாமளனின் ‘சைன்ஸ்’. சரிதானே?

பையனின் கோபம் நியாயம்தான். ஆனால் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நீங்கள் பாலக்கோட்டுக்காரர், பாரதக் கூத்துக்கு நடுவில் வளர்ந்திருப்பீர்கள். கூத்தின் கடைசியில் துரியோதனன் விழும் படுகளம் பார்த்திருப்பீர்கள். பொழுது விடிந்ததும் திரௌபதி அம்மன் கோயில் திடலில் மல்லாந்து கிடக்கும் அந்த மண் துரியோதனன், சின்ன வயதில் எனக்கு ஒரு தெருவளவு நீளமாகத் தெரிவான். வேஷக்காரர்கள் அவன் மேலேயே ஓடுவார்கள். துரியோதனன் வேஷக்காரரைப் பீமன் எங்கெங்கோ அடித்துப் பார்ப்பான், ஒன்றும் ஆகாது. காந்தாரியின் பார்வை பட்டு உடம்பெல்லாம் இரும்பாகிவிட்டது, தொடை மட்டும் தப்பிவிட்டது. கிருஷ்ணன் ஓரமாக நின்று தன் தொடையைத் தட்டிக் காட்டுவான். கதாயுதம் விழும். மண் தொடையில் புதைத்த கலயம் உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராவது “அதெப்படி, சரியாகத் தொடையில் மட்டும்?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஏனென்றால் சில ராத்திரிகளுக்கு முன்னால் இதே ஜனம் துகிலுரிதல் பார்த்திருக்கிறது. சபை நடுவே அவன் எந்தத் தொடையைத் தட்டித் திரௌபதியை உட்காரக் கூப்பிட்டானோ அதே தொடை. குற்றம் செய்த இடத்திலேயே அடி விழுகிறது.

இப்போது அந்தக் கிருமிக்கு வருவோம். ஸ்பீல்பெர்க் படத்துக்கு மூலமான நாவலை ஆங்கில எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் 1897இல் தொடராக எழுதினார், அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. முதல் வாக்கியத்திலேயே நுண்ணோக்கி வந்துவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் நெளியும் பூச்சிகளை மனிதன் குனிந்து பார்ப்பதுபோலச் செவ்வாய்க்காரர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சில பக்கம் தள்ளி, ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியாத் தீவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர்கள் ஐம்பதே வருடத்தில் துடைத்தழித்ததாகவும் சொல்லி, நாம் என்ன யோக்கியமா என்று கேட்கிறார். நம்மைக் கிருமியாக நினைத்து வந்தவர்கள் கிருமியாலேயே சாகிறார்கள். தொடையில்தான் அடித்திருக்கிறார் மனுஷன். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஸ்பீல்பெர்க் படமும் அந்தத் தண்ணீர்ச் சொட்டில்தான் ஆரம்பிக்கிறது. அப்புறம் ஏன் உங்களுக்குச் சப்பென்று போனது? என் சந்தேகம் படத்து நாயகனின் மூத்த பையன் மேல். ராணுவத்தோடு மலைமேட்டைத் தாண்டி ஓடுகிறான், அந்தப் பக்கம் எல்லாம் தீப்பிழம்பு. கடைசியில் பார்த்தால் பாஸ்டனில் தாத்தா வீட்டில் பத்திரமாக இருக்கிறான். எப்படி வந்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. வேற்றுக்கிரகத்தார் செத்தது சரி, இவன் பிழைத்ததுதான் தப்பு. பழியைப் பாவம் கிருமி மேல் போட்டுவிட்டோம்.

‘இண்டிபெண்டன்ஸ் டே’ வெல்ஸின் கிருமியைத்தான் லேப்டாப்பில் ஏற்றிக் கொண்டுபோகிறது. என் லேப்டாப் பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டரோடு பேசவே அரை நாள் ஆகிறது, அதை விடுங்கள். அந்த வேற்றுக்கிரகத்தார் கம்ப்யூட்டரை வைத்து நமக்கு என்ன தீங்கு செய்தார்கள்? ஒன்றுமில்லை. அடி எங்கேயோ விழுகிறது.

‘சைன்ஸ்’ விஷயம் கொஞ்சம் சிக்கல். அந்தப் படத்தில் வரும் சின்னப் பெண் குடிக்காமல் வீடு முழுக்க வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் டம்ளர்களை முதலிலிருந்தே காட்டுகிறார்கள். ஆக, முன்கூட்டியே விதைத்துவிட்டால் மட்டும் போதாது என்று தெரிகிறது. தண்ணீர் பட்டால் வெந்துபோகிறவன், மேற்பரப்பில் எழுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கிற கிரகத்துக்கு வெறும் உடம்போடு வருவானா? ஒருவேளை தண்ணீருக்கு அலைந்த உங்கள் காரிமங்கலம் பக்கம் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே 2013இல்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படங்கள் எதிரி விழுந்ததுமே கைதட்டிவிட்டு விளக்கைப் போட்டுவிடுகின்றன. வெல்ஸ் போடவில்லை. செத்த எந்திரத்துக்குள்ளிருந்து பறவைகள் சதையைக் கொத்தி இழுக்கின்றன. கதை சொல்கிறவன் வீட்டுக்குத் திரும்பி வந்து மேசையைப் பார்க்கிறான். படையெடுப்புக்கு முன்னால் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை அப்படியே கிடக்கிறது. இன்னும் இருநூறு வருடத்தில் என்னென்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்ல ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. கிருமியைவிட எனக்கு அந்தத் தாள்தான் பெரிய முடிவு.

படுகளத்திலும் துரியோதனன் விழுந்ததோடு யாரும் எழுந்து போவதில்லை. திரௌபதி கூந்தல் முடிய வேண்டும். அதற்கப்புறம் ஜனம் அந்த மண்ணில் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொள்ளும். என் அம்மா முந்தானையில் முடிந்து வந்து கேழ்வரகுப் பானையில் போட்டு வைப்பார். கெட்டவனின் மண் எதற்கு என்று கேட்டேன். “செத்தப்புறம் என்னடா கெட்டவன், நெல்லவன்” என்றார்.

பையனை இந்த வருடம் படுகளத்துக்குக் கூட்டிப் போங்கள். சீக்கிரமே போய்விடுங்கள், பத்து மணிக்கெல்லாம் மண் காலைச் சுடும். தொடைப் பக்கமாக இடம் பிடியுங்கள்.